லமினேட் செய்த பிரதி

என் மகளின் கடவுச்சீட்டு ஏழு வாரங்கள் பிக்கரிங்கில் என் அலுமாரிக்குள் இருந்தது. அவள் அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து மணித்தியாலத் தூரத்தில், அமெரிக்காவின் வடக்கு மாநிலம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். கடவுச்சீட்டை எடுத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததைச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் இந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

அவள் ரொறன்ரோவில் பிறந்தவள். வயது இருபத்தாறு. ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. கனடாக்காரர்களுக்குச் சில தொழில்களில் கிடைக்கும் வேலை அனுமதியில் அங்கே போனாள். அதற்கான முத்திரை கடவுச்சீட்டுக்குள்தான் இருந்தது. போன சில மாதங்களில் அந்த மாநிலத்துச் சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டாள். கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் அதை எடுத்துக் காட்டினாள். படம் நன்றாக வந்திருந்தது. மேல் விளிம்பில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. மத்திய அரசின் தேவைகளுக்குச் செல்லாது என்பது அதன் பொருள்.

"உதென்ன, செல்லாதெண்டு போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"ஃபெடரலுக்கு மட்டும்தான் அம்மா. ஸ்டேட்டுக்குள்ள எல்லாத்துக்கும் ஓகே."

"செல்லாத ஒண்டை ஏன் வாங்கினனீ?"

"மற்றதும் இருந்தது. இதை நான் சூஸ் பண்ணித்தான் எடுத்தனான்."

பிறகு விளக்கினாள். பல வருடங்களுக்கு முன் வாஷிங்டன் ஒரு சட்டம் கொண்டுவந்ததாம். எல்லா மாநிலங்களும் தங்கள் சாரதி அனுமதிப்பத்திரங்களை மத்திய அரசு சொல்லும் முறையில்தான் கொடுக்க வேண்டும், ஆட்களின் பத்திரங்களைப் படமெடுத்துச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அட்டையோடு விமானம் ஏற முடியாது. இவளுடைய மாநிலம் அதற்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டது. எங்கள் மாநில அதிகாரி எவரும் இதை நிறைவேற்றக்கூடாது என்று தங்கள் சட்டசபையில் தாங்களே ஒரு சட்டம் போட்டார்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து கை உயர்த்தியது. வாஷிங்டன் தவணை வைத்தது, தவணையைத் தள்ளியது, திரும்பவும் தள்ளியது. கடைசியில் மாநிலம் இரண்டு வகை அட்டைகளைக் கொடுக்க ஒத்துக்கொண்டது. நட்சத்திரம் போட்டது ஒன்று, அது மத்திய அரசுக்குச் செல்லும். மற்றது பழைய மாதிரியானது. விரும்பியதை எடுக்கலாம்.

"தே ஜஸ்ட் செட் நோ, அம்மா," என்றாள். கண் பளபளத்தது. "ஒரு ஸ்டேட் மாட்டன் எண்டு சொல்லலாம். ஐடியா நல்லா இல்லையா?"

என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "ஊரில எங்கட மாகாண சபைக்கு ஒரு றோட்டுக்குத் தார் ஊத்தவும் கொழும்பைக் கேக்கோணும். இவையள் வாஷிங்டனுக்கே மாட்டன் எண்டு சொல்லினம். நல்லாத்தான் இருக்கு."

"ரண்டு அரசாங்கம் சண்டை பிடிக்கட்டும்," என்றேன். "நடுவில கார்ட்டோட நிக்கிறது இவள்."

"அம்மா எப்பவும் இப்பிடித்தான்," என்றாள் மகள், அப்பாவைப் பார்த்து.

நான் ஸ்காபரோவில் ஒரு வைத்தியசாலையில் பதிவு மேசையில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் பெயர், பிறந்த திகதி, சுகாதார அட்டை கேட்டு, கையில் பெயர்க் காப்பு கட்டிவிடுவது வேலை. பிரதி செல்லாது, மூலம் வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் யாருக்காவது சொல்கிறேன். எங்கள் தமிழ் ஆட்களுக்குத்தான் அதை அதிகம் சொல்ல வேண்டி வரும். அவர்கள் பிரதியைக் கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. எனக்கும் அதே காரணம்தான்.

நாங்கள் கனடாவுக்கு வந்து முதலில் ரொறன்ரோவில் பார்க்டேலில் இருந்த காலத்தில் எங்கள் குடிவரவுத் தாளை மூலைக்கடையில் கொடுத்து லமினேட் செய்வித்தோம். மழையில் நனையாது, கிழியாது என்று பெருமையாக இருந்தது. பிறகு ஓர் அலுவலகத்தில் அதை நீட்டியபோது பிளாஸ்ரிக்குக்குள் இருப்பதை மூலமாக ஏற்கமாட்டோம் என்றார்கள். புதிது எடுக்க மாதக்கணக்கில் அலைந்தோம். அதிலிருந்து வீட்டில் ஒரு முறை வந்தது. மூலம் வீட்டில், பொலித்தீனுக்குள். பிரதி கையில், லமினேட் செய்து. லமினேட் செய்யும் இயந்திரத்தையும் வாங்கிவிட்டோம். சொந்தக்காரர்கள் தங்கள் பத்திரங்களைக் கொண்டுவந்து, தேத்தண்ணி குடித்து, பிளாஸ்ரிக் சூட்டோடு திரும்பிப் போவார்கள். மகளின் கடவுச்சீட்டு தபாலில் வந்த அன்றே நிறப்பிரதி எடுத்து இரண்டு பக்கமும் மூடி வைத்திருந்தேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு நாங்கள் இருவரும் அவளைப் பார்க்கக் காரில் போனோம். சின்ன அப்பார்ட்மென்ற், யன்னலால் ஆறு தெரியும். கத்தரிக்கோல் தேடிக் குசினி லாச்சியை இழுத்துத் திறந்தேன். தக்காளிச் சோஸ் பக்கற்றுகள், பழைய பற்றரிகள், றப்பர் வளையங்கள், தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியல். அதற்குக் கீழே கடவுச்சீட்டு. அட்டையில் சோஸ் காய்ந்து ஒட்டியிருந்தது.

திறந்த லாச்சிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. லமினேட் செய்த பிரதி என் கைப்பைக்குள் இருந்தது. அதை ஏன் வீட்டிலிருந்து கொண்டுபோனேன் என்று பிறகு கணவர் கேட்டார். பிரதியை லாச்சிக்குள் வைத்தேன். கடவுச்சீட்டை ஈரத்துணியால் துடைத்து என் பைக்குள் வைத்தேன்.

எல்லைப் பாலம் கடந்து கனடாப் பக்கம் வந்தபிறகு, கோப்பிக்கு நிறுத்திய இடத்திலிருந்து அவளுக்குப் போனில் சொன்னேன்.

"அம்மா, யூ டுக் மை பாஸ்போட்?"

"எடுக்கேல்லை. கவனமா வைச்சிருக்கிறன்."

"அதுக்குப் பேர் எடுக்கிறதுதான்."

"சோஸ் பக்கற்றுக்குக் கீழ கிடந்தது, பிள்ளை. வீடு நெருப்புப் பிடிச்சால்?"

"வீடு நெருப்புப் பிடிச்சால் நான் பாஸ்போட்டைப் பற்றி யோசிக்க மாட்டன்."

"அதாலதான் நான் யோசிக்கிறன். ஓகஸ்ட்டில வரேக்க கொண்டுவாறம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் சிரித்ததைக் கணவர் கேட்கவில்லை, அவர் கோப்பி வரிசையில் நின்றார். காருக்குள் வந்து விசயம் தெரிந்ததும் சொன்னார்: "திருப்பிக் கொண்டுபோய்க் குடுப்பம். ஒரு மணித்தியாலம் போனால் பாலம்." வேண்டாம் என்றேன்.

சில வாரங்களில், வாஷிங்டன் தள்ளித் தள்ளி வந்த தவணை உண்மையிலேயே முடிந்தது. நட்சத்திரம் இல்லாத அட்டையோடு விமானநிலையம் போகிறவர்களை மேலதிகமாகச் சோதிப்பார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். ஜூனில் வேலை விசயமாக வேறொரு நகரத்துக்கு அவள் பறக்க வேண்டியிருந்தது. நாட்டுக்குள்ளேயே போகும் பயணம். பாஸ்போட்டைக் கூரியரில் போடச் சொன்னாள். கூரியரில் துலைந்தால் என்ன செய்வது என்றேன்.

"சரி விடுங்கோ. கொஞ்சம் எக்ஸ்ட்ரா கேள்வி கேட்பினம், பிறகு விடுவினம். எங்கட லாப்பில எல்லாரும் இந்தக் கார்ட்தான் வைச்சிருக்கினம்."

"அவையள் அந்த நாட்டு ஆக்கள்."

"அம்மா."

"எண்டாலும் அந்த லமினேட் கொப்பியைக் கொண்டுபோ. ஒண்டுமில்லாமல் போறதைவிட ஏதோ கையில இருக்கட்டும்."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அதைக் கொண்டுபோனாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரைக்கு அவளிடமிருந்து ஒரு தகவல்: வரிசை நீளம். பத்து மணிக்கு முன் இன்னொன்று: ஒரிஜினல் பாஸ்போட் கேட்கிறார்கள், போனைப் பாவிக்க முடியாது, அழைக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மேசையில் இருந்தேன். பெயர் என்ன, பிறந்த திகதி என்ன, அட்டை இருக்கிறதா. ஒருவரிடம் பிறந்த திகதியை இரண்டு தரம் கேட்டிருக்கிறேன், அவர் சொல்லித்தான் தெரிந்தது. போனை மேசைக்குக் கீழே மடியில் வைத்திருந்தேன். அது அதிர்கிறது போல அடிக்கடி பட்டது, பார்த்தால் ஒன்றும் இருக்காது.

பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில் நின்றேன். என் ஐசியை, அதாவது தேசிய அடையாள அட்டையை, வாங்கிப் பார்த்த ஆமிக்காரன் அதைத் தன் சேட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். வேறொன்றும் செய்யவில்லை. கேள்விகூடக் கேட்கவில்லை. நான் வெயிலில் நின்றேன், பஸ் போய்விட்டது. இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அட்டையைத் தந்தான். எனக்கு அவ்வளவுதான் நடந்தது. மற்றவர்களுக்கு நடந்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு பல வருடங்கள், வீட்டு வாசலைத் தாண்டினால் என் கை தானாகக் கைப்பைக்குள் போய் அட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கும். பார்க்டேலில் பால் வாங்கப் போகும்போதும் தொட்டேன். அங்கே என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

பதினொன்றரைக்கு, பக்கத்து மேசையில் இருக்கும் மன்னார் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?"

"மகளைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள் போல. எயார்போட்டில."

"எந்த எயார்போட்?"

சொன்னேன். அவர் என் நாற்காலியைத் தள்ளி எழுப்பினார். "போ. மேலாளருக்கு நான் சொல்லுறன். இஞ்ச இருந்து பிழையான ஆளுக்குப் பிழையான காப்பு கட்டப்போறாய்."

பிக்கரிங் ரெயினில் பகலில் ஆட்கள் குறைவு. ஒருபக்கம் ஏரி தெரிந்துகொண்டே வந்தது. வீட்டில் கணவர் இருந்தார், அவருக்கு அந்த வாரம் பின்னேர வேலை. நான் சப்பாத்தோடு மேலே ஓடி அலுமாரியிலிருந்து சூட்கேசை இறக்கினேன். பூட்டு, துணிப்பை, அதற்குள் பொலித்தீன், அதற்குள் இன்னொரு பொலித்தீன். கடவுச்சீட்டு சுத்தமாக இருந்தது.

"படம் எடுத்து அனுப்புவமோ?" என்றேன்.

"ஆருக்கு? அவளின்ர போன் நிப்பாட்டிக் கிடக்கு." அவர் கட்டில் விளிம்பில் இருந்தார். "இதைக் கவனமா வைச்சிருந்தனீர்தான்."

அவர் குத்தலாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஒன்றே முக்காலுக்கு அவள் போனில் அழைத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது.

நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். முதல் அதிகாரி மாநில அட்டையைப் பார்த்தார். நட்சத்திரம் இல்லை, பரவாயில்லை, ஒரு படிவம் நிரப்பி அந்தப் பக்கம் நில் என்றார். அவளுக்கு முன்னால் அதே மாதிரி அட்டையோடு நின்ற ஒரு கிழவன், எங்கள் மாநிலம் உங்களுக்கு மாட்டேன் என்று சொன்னது நினைவிருக்கிறதா என்று பகிடி விட்டான். அதிகாரியும் சிரித்தார். கிழவன் போய்விட்டான். இவளும் போயிருக்கலாம். வரிசை மெதுவாக நகர்ந்ததால், உதவியாக இருக்கும் என்று நினைத்து லமினேட் செய்த பிரதியையும் எடுத்து நீட்டினாள்.

அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். ஒரிஜினல் எங்கே என்றார்.

கனடாவில், அம்மாவிடம் என்றாள்.

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். யன்னல் இல்லாத அறை. மூன்றரை மணித்தியாலம். வெளிநாட்டுக்காரி, கையில் கடவுச்சீட்டு இல்லை, வேலை அனுமதி முத்திரை இல்லை, பிளாஸ்ரிக்குக்குள் போட்ட ஒரு படம் மட்டும் இருக்கிறது. ஒரு பெண் அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்து, மிகவும் தன்மையாகக் கேட்டாளாம்: உன்னுடைய பத்திரங்களை வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறாரா? உன்னைக் கட்டாயப்படுத்தி யாரும் வேலை செய்ய வைக்கிறார்களா? இங்கே நீ பயமில்லாமல் சொல்லலாம்.

"அம்மா, நீங்கள் என்னைக் கடத்தி வைச்சிருக்கிறீங்களோ எண்டு கேட்டவை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கணினியில் அவளுடைய பதிவைத் தேடிக் கண்டுபிடித்து, மூலப் பத்திரத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி வெளியே விட்டார்கள். விமானம் போய்விட்டது. அவள் ராக்சியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"கூரியர்ல போடுங்கோ, ப்ளீஸ்."

"நாங்கள் கொண்டுவாறம்."

"பத்து மணித்தியாலம், அம்மா."

"துலைஞ்சால் நீ இன்னும் எத்தினை கிழமை ஒண்டுமில்லாமல் இருக்கோணும்? நாங்கள் வாறம்."

"ஓகே," என்றாள் அவள். வழக்கமாக இன்னும் வாதாடுவாள்.

அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டோம். பாலத்தில் அமெரிக்க அதிகாரி எங்கள் இருவரின் கடவுச்சீட்டையும் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது கொண்டுபோகிறீர்களா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். பழங்கள், மரக்கறி என்று ஏதாவது. நான் பின் சீற்றிலிருந்து துணிப்பையை எடுத்து, இன்னொருவரின் கடவுச்சீட்டு இருக்கிறது என்றேன்.

யாருடையது என்றார். மகளுடையது என்றேன். உங்களிடம் ஏன் இருக்கிறது என்றார். நான் எடுத்தேன் என்றேன். ஏன்? பத்திரமாக வைத்திருக்க. இப்போது? திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

அவர் பொலித்தீனைக் கழற்றினார், படத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், திரும்பவும் பொலித்தீனுக்குள் போட முயன்றார். எங்கள் மடிப்பு அவருக்குப் பிடிபடவில்லை. அப்படியே தந்தார். அவளிடம் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். ஐந்து நிமிடம் தள்ளிப் போய், தெருவோரத்தில் காரை நிற்பாட்டி, கணவர் ஒரு போத்தல் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார்.

பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்தவளிடம் கடவுச்சீட்டைக் கொடுத்தேன். பொலித்தீனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். கணவர் நித்திரைக்குப் போனபிறகு நாங்கள் இருவரும் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தோம்.

"அந்த நட்சத்திரம் போட்ட கார்ட்டை எடன், பிள்ளை. உந்த ஸ்டேட் உனக்கு என்ன சொந்தமோ? அவையள் வாஷிங்டனோட கோவிச்சதுக்கு நீ ஏன்?"

"அதால வந்தேல்லை அம்மா. அந்தக் கார்ட்டோட அந்தக் கிழவன் போயிட்டான்."

"கொப்பி காட்டாட்டி நீயும் போயிருப்பாய்."

"தெரியும்," என்றாள்.

அவள் அதை எனக்கு முன்பே யோசித்திருக்கிறாள். எப்போதிருந்து என்று தெரியவில்லை, அந்த அறைக்குள்ளேயே யோசித்திருக்கலாம். அங்கே என்னைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

"நீங்கள் எனக்கு நல்லதுக்குத்தான் செய்தனீங்கள் எண்டு அவைக்குச் சொன்னனான்," என்றாள் பிறகு, ஆற்றைப் பார்த்தபடி. "அந்தப் பொம்பிளை எழுதிக்கொண்டிருந்தா. அதையும் எழுதினாவோ தெரியாது."

அடுத்த நாள் காலை தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். லாச்சியைத் திறந்தேன். சோஸ் பக்கற்றுகள், பற்றரிகள், விலைப்பட்டியல். கடவுச்சீட்டு இல்லை, பிரதியும் இல்லை. நான் பார்ப்பதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். கையில் குப்பைப் பை. கீழே இறங்கிப் போய்த் தொட்டியில் போட்டுவிட்டு வருவதற்குப் போகிறாள், வீட்டுச் செருப்பு, நித்திரை உடுப்பு. அதற்கு மேல் தோளில் குறுக்காக ஒரு சின்னப் பை, சிப் இழுத்துப் பூட்டியிருந்தது. அவளிடம் அப்படி ஒரு பை இருந்ததை நான் முன்னர் கண்டதில்லை.

"உந்தப் பாஸ்போட்டை லாச்சிக்குள்ள வைச்சிட்டுப் போவன்," என்றேன். "ஒருத்தரும் எடுக்க மாட்டினம்."

"இல்லை அம்மா, இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, கதவைத் தாண்டும்போது, குப்பை பிடிக்காத கையால் பையின் மேல்பக்கத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். தான் தொட்டது அவளுக்குத் தெரிந்திருக்காது. படியில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. நான் யன்னலடிக்குப் போய் நின்றேன். தொட்டிக்குப் பக்கத்தில் அவள் குப்பைப் பையைக் கைமாற்றி மூடியைத் திறந்தாள், குப்பையைப் போட்டாள், மூடினாள். திரும்பி வரும்போது இன்னொருதரம் தொட்டாள்.